கத்தாமல் கதைத்த மாலை

எங்கள் தீவில் றொக் இசைவிழா நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "உதை ஆர் போய்ப் பாக்கிறது?" என்பதுதான். ஊர்காவற்றுறையில் கோயில் திருநாள் என்றால் சனம் வரும். செத்தவீடு என்றாலும் வரும். நாலு பெடியள் மின்சாரக் கிற்றாரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தலையை ஆட்டுவதைப் பார்க்க வருமா? வரும் என்று என் தங்கையின் மகள் அடித்துச் சொன்னாள். அவளுக்கென்ன, அவளுடைய றொக் பாண்டும் அன்றைக்கு மேடை ஏறுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாண்ட், கொழும்பிலிருந்து ஒரு பாண்ட், அவர்களுக்கு முன்னால் எங்கள் தீவுப் பிள்ளைகள் ஐந்து பேர். இவள் வாசிப்பது தடித்த நரம்புகள் உள்ள பேஸ் கிற்றார்.

"பெரியம்மா, நீங்கள் மட்டும் வந்தால் காணாது. பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வரவேணும்," என்றாள்.

"அந்த மனிசனுக்குக் காது கேளாதெண்டு உனக்குத் தெரியாதோ? விசர்க் கதை கதைக்கிறாய்."

"கேளாட்டில் என்ன, பாக்கலாம்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்துக்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது.

என் கணவர் கடலுக்கு அடியில் பிழைத்தவர். முதலில் சங்கு குளித்தார், பிறகு கடலட்டை பிடித்தார். அவரும் ஒரு கூட்டாளியும் ஒரே வள்ளத்தில் போவார்கள். இவர் குதிப்பார், கூட்டாளி மேலே இஞ்சின் பிடிப்பார். ஆழத்துக்குப் போய்ப் போய் வந்ததில் காது முதலில் நொந்தது, பிறகு சீழ் வடிந்தது, கடைசியில் நோவும் நின்று கேட்பதும் நின்றது. நரம்பு போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டோம். போட்டால் நாய் குரைப்பதும் காற்று இரைவதும் நான் கூப்பிடுவதும் ஒன்றாய்ச் சேர்ந்து தலைக்குள் உருளுகிறது என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்தவர்தான், திரும்ப எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் சபை சந்திக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். ஒரு செத்தவீட்டில்தான் எல்லாம் கெட்டது. செத்தவரின் தம்பி இவருக்குப் பக்கத்தில் வந்து இருந்து, அண்ணன் கடைசி நேரத்தில் மூச்சு எடுக்க ஏலாமல் பட்ட பாட்டைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார். இவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காதபோது வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஓம் ஓம், நல்லது, சந்தோசம்," என்றார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. பந்தலுக்குள் இருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த மனிசன் அதோடு சரி. ஞாயிறு பூசைக்கு இல்லை, ஒரு நல்லது கெட்டதுக்கு இல்லை, சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட இல்லை. கூட்டாளி இரண்டு மூன்று தரம் வந்தார். என்ன கதைப்பது என்று தெரியாமல் கதிரை நுனியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அவரும் வருவதை விட்டுவிட்டார். வருகிற தை மாதம் எங்கள் மகளுக்குக் கலியாணம். எங்கள் வேதக்கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது தகப்பனுடைய வேலை. "என்ரை தம்பி கூட்டிக்கொண்டு போகட்டும். நான் வீட்டிலை நிக்கிறன்," என்று சொல்லிவிட்டார். மகள் அழுது பார்த்தாள். நான் கத்திப் பார்த்தேன்.

கத்துவது எனக்குப் புதிதில்லை. சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்த தொண்டை இது. அவருக்குக் காது போனபிறகு அந்தத் தொண்டைக்கு ஓய்வே இல்லை. சாப்பிட வாங்கோ என்பதைக் கத்த வேண்டும், கிணற்று மோட்டரை நிற்பாட்டுங்கோ என்பதைக் கத்த வேண்டும். எங்கள் வீட்டில் மத்தியானம் என்ன கறி என்பது பக்கத்து வளவுக்கும் அதற்கு அடுத்த வளவுக்கும் தெரியும். சந்திக் கடையில் யாரோ ஒருவன், "ரீச்சர் செவிடன் காதிலை சங்கு ஊதுறா, அதுவும் சங்கு குளிச்ச செவிடன்," என்று சொல்லிச் சிரித்தானாம். கேள்விப்பட்ட அன்றே போய் அவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். வரும் வழியில் அழுதேன், அது வேறு விசயம்.

ஆக, அவரை இசைவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விழா நடப்பது கடற்கரையோரம் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்தில். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. கொண்டுபோய் விடச் சொல்லிக் கத்தினேன். "விட்டிட்டு வந்திடுவன்," என்றார். அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டதே பெரிது.

நாங்கள் போனபோது வெய்யில் இன்னும் சாயவில்லை. சோளகக் காற்று வீசி மேடைச் சீலையை அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் கடலைக்காரர் வந்துவிட்டார், ஐஸ்கிறீம் வான் வந்துவிட்டது, ஒரு மூலையில் கொத்துரொட்டி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, சனம் வந்திருந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம் என்று கதிரைகள் பிரிந்துவிட்டன. என்னை இறக்கிவிட்டு இவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினால், படலையை அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் ஏற்றி வந்த லொறி நிற்கிறது. சாரதியைக் காணோம். கூப்பிட்டுத் தேடுவதற்கு இவருக்குக் காது வேண்டாமா? வேறு வழியில்லாமல் மதிலோரம் ஒரு பூவரசுக்குக் கீழே மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, அதன் மேலேயே இருந்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. லொறிக்காரன் நல்லாயிருக்க வேண்டும்.

முதலில் எங்கள் பிள்ளைகள் ஏறினார்கள். தங்கையின் மகள், என் பெறாமகள், கறுப்பு ரீசேட்டும் ஜீன்சும் போட்டு, அந்தப் பெரிய கிற்றாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு நின்றாள். முகத்தில் பயம் அப்படியே தெரிந்தது. எனக்கு அவளைவிடப் பயம். இந்தச் சனம் சிரித்துவிட்டால் பிள்ளை உடைந்துபோவாளே என்று செபமாலையைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். ட்றம்ஸ்காரப் பெடியன் தடியைத் தட்டி நாலு எண்ணினான். அடுத்த கணம் என் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். அட கடவுளே, அது காதால் கேட்கிற சத்தமே இல்லை. கதிரைக் காலால் ஏறி முதுகெலும்பு வழியாக வந்தது. பாட்டு, கடைசி வள்ளத்தைத் தவறவிட்டு இறங்குதுறையில் நிற்கிற ஒருவனைப் பற்றியது. அவர்களே எழுதினது. எங்கள் எல்லாருக்கும் நடந்தது அது. பாதிச் சொல் விளங்கவில்லை, ஆனால் பாடின பெடியன் "ஐயோ நில்" என்று அலறும்போது நானும் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் சனம் பரிசளிப்பு விழாவில் தட்டுகிற மாதிரி அளவாகக் கை தட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. செபமாலையை உள்ளே வைத்தேன்.

பிறகு யாழ்ப்பாணத்துப் பாண்ட். ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் தோள் வரை மயிர். ஒருவன் கிற்றாரைப் பல்லால் கடித்து வாசித்தான். "உதுக்குக் கறிச்சட்டியைக் கடிக்கலாம்," என்றாள் எனக்குப் பின்னால் இருந்த கிழவி. சொன்னாளே தவிர, இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தப் பிள்ளையின் விரல் ஓடின ஓட்டத்தை நானும் வாய் பிளந்து பார்த்தேன்.

கொழும்புப் பாண்ட் வந்ததும்தான் பகிடி. பாடினவன் சிங்களப் பெடியன், நல்ல பிள்ளை, பாடம்பண்ணி வந்த தமிழில் பேசினான். எங்கள் சனம் கதிரையில் கல்லாய் இருப்பதைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "எல்லாரும் எழும்புங்கோ! எழும்புங்கோ!" என்று கத்தினான். உடனே மைதானம் முழுக்க எழும்பியது. எழும்பி, சேலையைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு, சுவிசேசம் வாசிக்க நிற்கிற மாதிரி நேராக நின்றது. ஆடச் சொல்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் படவில்லை. அவன் குதிக்கிறான், நாங்கள் பக்தியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகத் திரும்பக் கதிரையில் இருந்தோம். பாவம் அந்தப் பெடியன், இப்படி ஒரு மரியாதை அவனுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

அந்தப் பாட்டு நடக்கும்போது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருத்தி என் காதுக்குள் வாயை வைத்து ஏதோ சொன்னாள். ஸ்பீக்கருக்கு நேரே நிற்கிறோம், என்ன கேட்கும்? நான் அவளைப் பார்த்துச் சிரித்து, "ஓம் ஓம், நல்லது!" என்றேன். இன்னும் ஏதோ சொன்னாள். இன்னும் சிரித்தேன். பாட்டு நின்றதும் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, என்ரை மனிசனுக்குச் சலரோகத்திலை கால்விரல் வெட்டி எடுத்ததெண்டு சொல்லுறன், நீ பல்லைக் காட்டுறாய்?"

கேட்கவில்லை அக்கா, சத்தியமாய்க் கேட்கவில்லை என்று அவளுடைய கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவளும் சிரித்துவிட்டாள். அடுத்த பாட்டு தொடங்கியது. நான் மேடையைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஆளுக்காள் காதுக்குள் கத்துகிறார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டிச் சிரித்து ஓம் ஓம் என்கிறார்கள். ஒரு செத்தவீட்டுச் சிரிப்புக்காக ஒரு மனிசன் இவ்வளவு காலம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறான். இங்கே ஊர் முழுக்க அந்தச் சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

அவரைத் தேடிப் பூவரசுப் பக்கம் திரும்பினேன். மோட்டார் சைக்கிளில் அவர் குந்தியிருக்கவில்லை. அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்! ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஏதோ காட்டுகிறார். யாருக்கு என்று பார்த்தால், மைதானத்தின் மறு மூலையில், ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில், அந்தப் பழைய கூட்டாளி நிற்கிறார். அவரும் கையால் பதில் சொல்கிறார். இவர் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அமத்தினார். அவர் சுட்டுவிரலால் காற்றில் வட்டம் போட்டார். இவர் வயிற்றைத் தட்டினார். அவர் இரண்டு கையையும் விரித்து ஒரு பெரிய மீனின் நீளத்தைக் காட்டினார். இவர் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். பார்த்து எத்தனை வருசம், அந்தச் சிரிப்பு!

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வள்ளத்தில் இஞ்சின் இரையும்போது முன் முனையில், அணியத்தில், நிற்பவருக்கும் இஞ்சின் பிடிப்பவருக்கும் வாய்ப்பேச்சு உதவாது. குளித்து மேலே வந்தவர் எட்டத்தில் மிதந்துகொண்டு கூப்பிட்டாலும் கேட்காது. எல்லாம் கைதான். மெதுவாய் ஓடு, வள்ளத்தைத் திருப்பு, இஞ்சை வா, கயிறு எறி. அரை வாழ்நாள் அப்படிக் கதைத்தவர்கள் அதில் பகிடியும் விட்டிருப்பார்கள், ஊர்க்கதையும் கதைத்திருப்பார்கள். கரைக்கு வந்தால் வாய் இருக்கிறதே, கை யாருக்கு நினைவு வரும்? அந்த மைதானத்தில் அன்றைக்கு மீதிச் சனம் எல்லாம் செவிடு. இவர்கள் இரண்டு பேர் மட்டும் முழு மைதானத்தின் தூரத்துக்கும் வடிவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பழைய கடற்காரர் இன்னும் சிலர் எழும்பி நின்று சேர்ந்துகொண்டார்கள். கொழும்புப் பெடியன் தனக்குத்தான் கை காட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பாடினான். நினைக்கட்டுமே, அதில் யாருக்கு என்ன நட்டம்?

சந்தோசப்பட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லையே! கட்டின மனிசி நான், ஒரு சொல் விளங்காமல் நடுவில் இருக்கிறேன். போதாக்குறைக்குக் கூட்டாளி என் பக்கம் விரலை நீட்டி, காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து, விரல்களை மூடி மூடித் திறந்தார். அதற்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. வள்ளத்தில் எனக்கென்று ஒரு சைகையே வைத்திருந்திருக்கிறார்கள், பாவிகள்.

எழும்பி விறுவிறு என்று பூவரசுக்குப் போனேன். "என்ன சொல்லிச் சிரிக்கிறியள்?" என்று அவருடைய காதுக்குள் கத்தினேன். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. கையைக் கவிழ்த்து மெதுவாக அமத்தினார். இஞ்சினைக் குறை என்பது, அது மட்டும் எனக்கும் விளங்கியது. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதால் இருட்டுகிற நேரத்துக்கு விழா முடிந்தது. ஸ்பீக்கர் நின்றதும் கடல் இரைவது கேட்டது. சனம் கதிரைகளை அடுக்கிவிட்டுப் படலைப் பக்கம் வந்து, லொறி நகரும் வரை எங்களைச் சுற்றி நின்றது. கூட்டாளியும் வந்து இவருடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அப்போது இவர் கதைக்கத் தொடங்கினார். அவருடைய குரலின் அளவு அவருக்குத் தெரியாதே, படலையில் நின்ற அவ்வளவு பேருக்கும் கேட்டது.

"இஞ்சரும். நீர் கத்துற நேரம் எனக்கு ஒரு சொல்லும் கேக்கிறேல்லை. முகம்தான் தெரியுது. புருவம் நெரிச்சு, கழுத்து நரம்பு புடைச்சு, சண்டைக்கு வாற முகம். காது போன நாளிலையிருந்து நீர் என்னோடை கோவம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

கூட்டாளி அவருடைய தோளிலிருந்து கையை எடுத்தார்.

"நீர் மட்டுமில்லை. கோயிலுக்குப் போனாலும் எல்லாரும் அந்த முகத்தோடைதான் என்னட்டை வருகினம். ஊர் முழுக்க நிண்டு ஏசுற மாதிரி. நான் வீட்டிலை இருந்தால் ஒரு ஆளின்ரை ஏச்சோடை போகுமெண்டு இருந்திட்டன்."

சாப்பிட வாங்கோ என்று கூப்பிட்டேனே, அதுவுமா ஏச்சு? குளிர்கிறது, போர்த்துக்கொண்டு படுங்கோ என்று சொன்னேனே, அதுவுமா? கோபமில்லை என்று உடனே சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை மூடினேன். கத்தினால் அதே முகம்தானே வரும்? கூட்டாளியைப் பார்த்தேன்.

"அண்ணை, கோவமில்லை எண்டு எப்பிடிக் கையாலை சொல்லுறது?"

அவர் தலையைச் சொறிந்தார். "வள்ளத்திலை அதுக்கு ஒண்டுமில்லை, ரீச்சர். கோவம் வந்தால் கடலுக்குள்ளை துப்பிப்போட்டு இருந்திடுவம்."

பிறகு நான் என்ன செய்தேன் என்பதை ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறது. இரண்டு கையாலும் அவருடைய முகத்தைப் பிடித்தேன். பங்குச் சுவாமியார் நின்றார், என் பழைய மாணவர்கள் நின்றார்கள், மேடையிலிருந்து இறங்கி வந்த பெறாமகள் நின்றாள். எங்கள் பக்கத்தில் எந்த மனிசியும் படலையில் நின்று புருசனை அப்படித் தொடமாட்டாள். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது, துடைக்கக் கை இல்லை. அவர் என் முகத்தைக் கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ, வாசித்து முடித்தவர் போல மூச்சு விட்டார்.

லொறி கிளம்பியது. அவர் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பினார். நான் பின்னால் ஏறி இருந்ததும் தலையைத் திருப்பி, முழுச் சனத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கலியாணத்துக்கு எனக்கு ஒரு நல்ல சேட் தைக்கக் குடுக்கவேணும்."